நான்கு கேன்களும் ஒரு காரும்

எத்தாளையில் வாகனம் நிறுத்த இடம் தேடி எவரும் அலைவதில்லை. கொழும்பு – புத்தளம் வீதியிலிருந்து பாலாவிச் சந்தியில் பிரிந்து, நுரைச்சோலை, மாம்புரி எனக் கற்பிட்டியை நோக்கி நீளும் வீதியில் உள்ள ஊர் அது. ஒருபுறம் கடல், மறுபுறம் புத்தளம் களப்பு, இடையே மணல். தென்னந்தோப்புக்கும் மரக்கறித் தோட்டத்துக்கும் நடுவே எந்த இடத்திலும் வாகனத்தை நிறுத்தலாம். வந்து குறுக்கே நிற்பவை பெரும்பாலும் கற்பிட்டிப் பக்கத்துக் கழுதைகள்தாம். அவற்றுக்கு ஹோர்ன் ஒலியும் ஒன்றுதான், கடற்காற்றும் ஒன்றுதான்.

அப்படிப்பட்ட ஊரில், இரண்டு வாகனங்களுக்கு இடையேயுள்ள சிறிய இடத்தில் காரைப் பின்னோக்கிச் செலுத்தி நிறுத்துவது எப்படி என்று ஒரு பெண்ணுக்குச் சொல்லிக் கொடுப்பதில் அண்மையில் நான்கு மாலைப்பொழுதுகளைச் செலவிட்டேன். பார்த்தவர்கள் சிரித்தார்கள். "இங்க எந்தப் பெரிய கார் பார்க் இருக்கு?" என்று ஒருவர் கேட்டார். அவருக்கு அன்று சொல்லாத பதிலை இங்கே எழுதலாம் என்று நினைக்கிறேன்.

அந்தப் பெண் என் நெடுநாள் நண்பரின் மகள். ஆசிரியை. என்னை மாமா என்று அழைப்பவர். சாரதி அனுமதிப்பத்திரத்துக்கான எழுத்துப் பரீட்சையில் 40 வினாக்களுக்கு 30 சரியாக இருந்தால் போதும். அவர் அதை எளிதாகவே தாண்டிவிட்டார். 'டிரயல்' என்று நம்மவர்கள் சொல்லும் செய்முறைப் பரீட்சையில்தான் சறுக்கல். பின்னோக்கி வரும்போது பின்புறத்துக் கம்பில் கார் தட்டிவிட்டது. அடுத்த டிரயலுக்கு முன் நன்றாகப் பழகிக்கொள்ள வேண்டும் என்று அவருக்கு ஆசை. காரணம் எளியது. தாயாரை மாதந்தோறும் புத்தளத்துக்குக் கிளினிக் கொண்டுபோக வேண்டும். ஒவ்வொரு முறையும் வாகனம் பிடிப்பதற்கு ஆகும் செலவு ஒருபுறம். விடியற்காலையில் யாரையாவது கெஞ்ச வேண்டியிருப்பது மறுபுறம். "இன்னொருத்தருக்காகக் காத்து நிக்கிறதுதான் மாமா கஷ்டம்" என்றார். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

மண்ணெண்ணெய்க் கேன்கள் நான்கைக் கொண்டு வந்து, கால்பங்கு மணல் நிரப்பி, ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு கம்பை நட்டோம். கார் நிறுத்த வேண்டிய இடத்தின் நான்கு மூலைகள் அவை. வீதியோரக் கல்வரிசைக்குப் பதிலாக ஒரு நைலோன் கயிறு. கார் அவருடைய சாச்சாவினுடையது. பழைய கார், பின்புறக் கெமரா இல்லாதது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் பழைய கார்கள்கூட நகையைப் போல விலையேறிப் போயின. ஆகவே கீறல் விழாமல் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது முதல் நிபந்தனை.

'பரலல் பார்க்கிங்' என்று ஆங்கிலப் பெயராலேயே எங்கும் அறியப்படும் இந்தப் பயிற்சியை அறியாத வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். வீதியோரத்தில் முன்னும் பின்னுமாக இரண்டு வாகனங்கள் நிற்கின்றன. இடையே ஒரு கார் நிற்கப் போதுமான இடம் உண்டு. முன்புறமாக நுழைந்தால் பின்பகுதி வீதியிலேயே நின்றுவிடும். ஏனெனில் திரும்பக்கூடியவை முன்சக்கரங்கள் மட்டுமே. பின்சக்கரங்கள் வெறுமனே இழுபட்டு வருபவை. ஆகவே முன்வாகனத்துக்குப் பக்கவாட்டில், ஏறக்குறைய ஒரு மீற்றர் இடைவெளி விட்டு நிறுத்தி, அங்கிருந்து பின்னோக்கி வரவேண்டும். ஸ்டியரிங்கை இடதுபுறம் திருப்பினால் காரின் பின்பகுதி உள்ளே நுழையும். நமது முன் இடது மூலை முன்வாகனத்தைத் தாண்டியதும் வலதுபுறம் திருப்பினால் முன்பகுதியும் உள்ளே வந்து, கார் வீதியோரத்துக்கு இணையாக நிற்கும்.

இதில் பலரும் மறந்துவிடும் ஒன்று உண்டு. பின்பகுதி உள்ளே நுழையும் அதே வேளையில் முன்பகுதி வீதியின் பக்கம் வெளியே தள்ளும். பின்னால் மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர், வலதுபுறமாகக் கடந்து செல்லும் சைக்கிள்காரரை அறியமாட்டார். எனவே இந்தச் சிறிய வேலையில் சாரதி நான்கு பக்கமும் பார்க்க வேண்டியிருக்கிறது. சாரதிப் பயிற்சியில் இவ்வளவு மெதுவாக, இவ்வளவு சுற்றிப் பார்க்க வேண்டிய பாடம் அதிகம் இல்லை.

ஆனால் அந்தப் பாடம் அப்படிக் கற்பிக்கப்படுவதில்லை என்பதை முதல் மாலையிலேயே கண்டேன். காரின் பின் யன்னலில் சிவப்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டியிருந்தார். "முன்கம்பு இந்த ஸ்டிக்கருக்கு நேரா வந்தா ஒரு சுத்து இடது பக்கம் மாமா. பின்கம்பு கண்ணாடியில தெரிஞ்சா ரெண்டு சுத்து வலது பக்கம். அப்படித்தான் பழக்கினாங்க" என்றார். அந்தக் கணக்கின்படி செய்தால் பத்தில் ஏழு முறை கார் சரியாகவே உள்ளே போனது. மீதி மூன்று முறை ஏன் தவறியது என்று அவருக்கும் தெரியவில்லை, கணக்குக்கும் தெரியவில்லை.

இரண்டாம் நாள், வளைகுடாவில் பல ஆண்டுகள் வீட்டுச் சாரதியாக இருந்து திரும்பிய அவருடைய இன்னோர் உறவினர் வந்து சேர்ந்தார். துபாயில் வீதிச் சோதனைக்குப் போகுமுன்னரே மைதானத்தில் நிறுத்தற் சோதனை உண்டு. வீதியோர நிறுத்தம், கொட்டகை நிறுத்தம், சாய்வு நிறுத்தம் எல்லாம் அதில் அடக்கம். அதில் தேறியவர் என்ற பெருமையோடு, "எறங்குங்க, நான் காட்டுறன்" என்று ஏறி அமர்ந்தார். மிகுந்த நம்பிக்கையோடு பின்னே எடுத்தார். ஒரு கேன் சரிந்தது. மறுபடி எடுத்தார். கயிற்றின் மேல் ஏறி நின்றார்.

அவர் மோசமான சாரதி அல்லர். அந்த நாட்டில் வாகனங்கள் வீதியின் வலதுபுறம் ஓடுகின்றன. சாரதி இடதுபுறம் அமர்கிறார். வீதியோரம் வலதுபுறம் இருக்கிறது. இங்கே எல்லாமே தலைகீழ். அவர் மனப்பாடம் செய்திருந்த கணக்கு ஊருக்கு வந்தபோது கண்ணாடியில் பார்த்த எழுத்தாகிவிட்டது. சிறிது நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு கணக்கை விட்டுவிட்டு, கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்து, அங்குலம் அங்குலமாக வந்து அழகாக நிறுத்தினார். கணக்கு நாட்டுக்கு நாடு, காருக்குக் கார் மாறுகிறது. பார்க்கத் தெரிந்தவர் எங்கும் நிறுத்திவிடுகிறார் என்று அப்போது வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டேன். அந்த வேடிக்கை மறுநாளே வேறு முகம் காட்டியது.

மூன்றாம் நாள் மாலை, பின்பக்கக் கேன் ஒன்று காற்றிலோ காரின் உரசலிலோ சரிந்து கிடந்தது. நாங்கள் அதைக் கவனிக்கவில்லை. அயல்வீட்டுச் சிறுவன், நான்கு வயதிருக்கும், அதை நிமிர்த்தி வைப்பதற்காக ஓடி வந்து காரின் பின்னே குந்தியிருக்கிறான். கார் பின்னோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. சாரதி ஆசனத்தில் இருந்தவர் ஸ்டிக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து ஆசனத்தில் இருந்த நானும், அனுமதிப்பத்திரம் வைத்திருக்கும் நானும், ஸ்டிக்கரையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேலியோரத்தில் நின்ற தாயார், "புள்ள! புள்ள!" என்று அலறியதால் பிரேக் அழுந்தியது. இறங்கிப் பார்த்தபோது, பம்பருக்கும் சிறுவனுக்கும் இடையே ஒரு முழம் இருந்தது. அவன் கேனை நிமிர்த்தி வைத்துவிட்டு, எங்களிடம் பாராட்டை எதிர்பார்த்து நின்றான்.

அன்று மேலும் பழகவில்லை. அந்தப் பெண்ணின் கைகள் நடுங்கின. என் கைகளும்தான்.

இரவு நித்திரை வராமல் கிடந்தபோது, செய்தி மேசையில் கழித்த காலம் நினைவுக்கு வந்தது. மாவட்ட நிருபர்களிடமிருந்து வரும் செய்திகளில் இந்த வகை ஒன்று உண்டு. வீட்டு வளவில் பின்னோக்கிச் செலுத்தப்பட்ட வாகனத்தில் சிக்குண்டு குழந்தை பலி. செலுத்தியவர் பெரும்பாலும் தந்தை, மாமன் அல்லது நன்கு தெரிந்த அயலவர். நாங்கள் அதற்கு நான்கு வரி கொடுப்போம். பஸ் கவிழ்ந்தால் முதற்பக்கம். இது உட்பக்கத்தில், விளம்பரத்துக்குக் கீழே மிஞ்சிய இடத்தில். இலங்கையில் வீதி விபத்துகளில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள். அத்தனை மரணங்களுக்கும் இடம் ஒதுக்கினால் பத்திரிகையில் வேறு எதுவும் வராது என்று நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம். அந்த நான்கு வரிச் செய்திகளைத் திருத்திய என் கைதான் அன்று மாலை ஸ்டிக்கரைச் சுட்டிக் காட்டிக்கொண்டிருந்தது.

இத்தகைய மரணம் ஒன்று, ஒரு நாட்டின் சட்டத்தையே மாற்றியதும் உண்டு. அமெரிக்காவின் நியூ யோர்க் மாநிலத்தில், லோங் ஐலண்ட் பகுதியில், 2002ஆம் ஆண்டு கேமரன் குல்பிரான்சன் என்ற இரண்டு வயதுக் குழந்தை தன் வீட்டு வாசலிலேயே இறந்தது. வாகனத்தைப் பின்னோக்கிச் செலுத்தியவர் தந்தை; அவர் ஒரு குழந்தை வைத்தியர். கண்ணாடிகளைப் பார்த்தபடிதான் அவர் வாகனத்தைச் செலுத்தியிருந்தார். ஆனால் வாகனத்தின் பின்னே, சாரதியின் பார்வைக்கு எட்டாத அளவுக்குக் குழந்தை சிறியதாயிருந்தது. அந்தப் பெற்றோரும் அவர்களைப் போன்ற மற்றவர்களும் தொடர்ந்து போராடியதன் பயனாக, குழந்தையின் பெயரைத் தாங்கிய சட்டம் 2008இல் கையொப்பமிடப்பட்டது. அதன் வழியாகவே, 2018 மே 1 முதல் அந்நாட்டில் விற்பனையாகும் புதிய கார்கள் அனைத்திலும் பின்புறக் கெமரா கட்டாயமாயிற்று. ஒரு குழந்தையின் மரணத்துக்கும் அந்தத் திகதிக்கும் இடையே பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன.

கெமரா வந்துவிட்டதே, இனி இந்தப் பயிற்சி எதற்கு என்று கேட்போர் இருக்கிறார்கள். கேள்வி நியாயமானதே. 2003ஆம் ஆண்டிலேயே ஜப்பானில் டொயோட்டா நிறுவனம் தானாக ஸ்டியரிங்கைத் திருப்பி வீதியோரத்தில் நிற்கும் வசதியைப் பிரியஸ் காரில் கொண்டுவந்தது. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம் 2015இல் பரலல் பார்க்கிங்கைச் சாரதிப் பரீட்சையிலிருந்து எடுத்துவிட்டது. எம்மவர்கள் செறிந்து வாழும் ரொறன்ரோவை உள்ளடக்கிய ஒன்ராறியோ மாகாணத்தில், இறுதிக் கட்டப் பரீட்சையிலிருந்து 2022 ஜனவரியில் இது நீக்கப்பட்டது. முந்தைய கட்டத்தில் ஏற்கெனவே பரிசோதிக்கப்படுகிறது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். பிரித்தானியாவிலோ 2017 டிசம்பரில் பரீட்சை திருத்தப்பட்டபோது, வேறு சில பழைய பயிற்சிகள் போயின. பரலல் பார்க்கிங் தப்பிப் பிழைத்தது. அங்கே பரீட்சகர் கேட்கக்கூடிய பின்னோக்கிச் செலுத்தும் பயிற்சிகளுள் ஒன்றாக அது நீடித்தது.

பிரித்தானிய முறையில் நான் மதிப்பது வேறொன்றை. அங்கு கார் எத்தனை அங்குலம் நேராக நின்றது என்பது மட்டும் கணக்கில் வருவதில்லை. பின்னோக்கி வரும்போது சாரதி சுற்றிலும் பார்த்தாரா, யாராவது வந்தபோது நிறுத்திக் காத்திருந்தாரா என்பதும் முக்கியமாகக் கவனிக்கப்படுகிறது. முன்னே சென்று நிலையைச் சரிசெய்துகொள்ள இடமுண்டு. பார்க்கத் தவறுவதற்குத்தான் மன்னிப்புக் குறைவு.

நம் பக்கத்தில் நிலைமை நேர்மாறு. தமிழ்நாட்டில் 'எட்டுப் போடுவது' என்ற சொல்லே அனுமதிப்பத்திரத்துக்கு மறுபெயராகிவிட்டது. அயல் மாநிலமான கேரளத்தில் 2024ஆம் ஆண்டு, போக்குவரத்து அமைச்சர் கே.பி. கணேஷ் குமாரின் முயற்சியால், 'எச்' போடும் பழைய முறையை மாற்றி, வீதியோர நிறுத்தம், சாய்வு நிறுத்தம், வளைந்து செல்லல், மேட்டில் நிறுத்தி எடுத்தல் ஆகியவற்றைச் சேர்க்க முனைந்தார்கள். பயிற்சிப் பள்ளி நடத்துவோர் மே மாதத்தில் பரீட்சைகளையே புறக்கணித்துப் போராடினார்கள். மைதானம் எங்கே, செலவை யார் ஏற்பது என்ற அவர்களுடைய கேள்விகளிலும் நியாயம் இருந்தது. ஆயினும் அந்த வாதப் பிரதிவாதங்களைப் படித்தபோது எனக்கு எழுந்த ஐயம் வேறு. எச்சுக்குப் பதிலாக வேறோர் எழுத்தைப் போடச் சொன்னாலும், அதற்கும் ஒரு ஸ்டிக்கர் கண்டுபிடிக்கப்பட்டுவிடாதா?

பரீட்சை எதை அளக்கிறதோ அதையே பயிற்றுநர் கற்பிப்பார். இது பள்ளிக்கூடத்துக்கும் பொருந்தும், கார் மைதானத்துக்கும் பொருந்தும். கம்பில் தட்டினால் தோல்வி என்றால், கம்பில் தட்டாமல் இருப்பதற்கான குறுக்குவழி சொல்லிக் கொடுக்கப்படும். பயிற்றுநரை இதற்காகக் குற்றம் சொல்வதில் பயனில்லை. ஒரு காருக்கு ஐந்தாறு பேரை வரிசையில் வைத்துப் பழக்குபவருக்கு, ஒவ்வொருவரின் கண்ணையும் பழக்க நேரம் ஏது? கம்பு அசையாது, ஓடி வராது, குந்தாது. எனவே கம்பை மட்டும் வைத்துப் பழகிய கண் அசைவதைத் தேடுவதில்லை.

இந்தப் பயிற்சியைப் பரீட்சையிலிருந்து நீக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். எத்தாளையைப் போன்ற ஊர்களுக்குத்தான் இது அதிகம் வேண்டும். நகரத்தில் வாகனம் நிற்கும் இடம் வேறு, பிள்ளை விளையாடும் இடம் வேறு. இங்கே முற்றமும் மைதானமும் கார் நிறுத்துமிடமும் ஒன்றுதான். மதில் இல்லாத வளவு, ஓசை தராத மணல், மீன் ஏற்ற வரும் கூலர் லொறி, மரக்கறி ஏற்ற வரும் சிறிய லொறி, பின்னால் ஓடும் பிள்ளைகள். கெமரா இருந்தாலும், கடற்கரையில் ஒரு கிழமை நின்ற காரின் கெமராவில் உப்பும் புழுதியும் படிந்து என்ன தெரியும் என்பதை இங்குள்ளவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

மாற்றப்பட வேண்டியது அளவுகோல். பின்னோக்கி எடுக்குமுன் இறங்கி ஒரு முறை காரைச் சுற்றி நடந்தவருக்குப் புள்ளி கொடுக்கலாம். யன்னலைத் திறந்து வைத்துக் காது கொடுத்தவருக்குப் புள்ளி கொடுக்கலாம். ஐயம் வந்தவுடன் நிறுத்தியவருக்கு, அதனால் கார் கோணலாக நின்றாலும், புள்ளி கொடுக்கலாம். கம்புகளின் இடைவெளியை ஒவ்வொரு முறையும் சிறிது மாற்றி வைத்தாலே பாதி ஸ்டிக்கர்கள் செத்துவிடும். இவற்றில் எதற்கும் புதிய மைதானமோ இயந்திரமோ தேவையில்லை. மாவட்டந்தோறும் சில பரீட்சகர்கள் மனம் வைத்தால் போதும்.

நான்காம் நாள் மாலை அவர் வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிக் கழற்றினார். காரைச் சுற்றி ஒரு முறை நடந்தார். அயல்வீட்டுச் சிறுவனைத் தாயாரின் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டு, அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு ஏறினார். நான் கேன்களின் இடத்தை ஒவ்வொரு தடவையும் மாற்றி வைத்தேன். முதல் நான்கு முறையும் தவறியது. ஒரு முறை, பாதி வழியில் காரை நிறுத்திவிட்டுப் பேசாமல் இருந்தார். என்ன என்று கேட்டேன். "கழுதை போகுது மாமா" என்றார். கண்ணாடியில் நான் பார்த்தபோது அது ஏறக்குறைய இருபது மீற்றர் தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. போகட்டும் என்று காத்திருந்தோம். இருட்டுவதற்குள் மூன்று முறை தொடர்ந்து சரியாக நிறுத்திவிட்டார். மூன்று முறையும் கார் ஒரு சாணளவு கோணலாகவே நின்றது.

அடுத்த டிரயலுக்கு இன்னும் நாள் குறிக்கப்படவில்லை. அந்த ஒரு சாண் கோணலுக்காக அவர் மீண்டும் தவறிப்போகக்கூடும். அப்படித் தவறினால், இன்னும் சில மாதங்களுக்கு அவருடைய தாயார் விடியற்காலையில் யாருக்காகவோ காத்திருக்க வேண்டியிருக்கும். அது எனக்கு வருத்தமே. ஆனால் நாளை என் பேரப்பிள்ளைகள் விளையாடும் வளவுக்குள் யாராவது ஒருவர் காரைப் பின்னோக்கி எடுக்கத்தான் வேண்டும் என்றால், அது அவராக இருக்கட்டும்.